பொன்ராஜ் காவல் இருந்த வைத்தியம்

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத்துரை அண்ணாச்சி கல்லாவுக்குப் பின்னால், தன் நாற்காலியில். அவர் மனைவி இசக்கியம்மாள் மதினி, புடவைப் பகுதியின் வெள்ளை விரிப்பில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தபடி. மதினியின் தம்பி பொன்ராஜ், இன்னும் பிரிக்காத ஜவுளிப் பொதி ஒன்றின் மேல். பக்கத்துத் தையல்கடை குலாம் முகம்மது பாய், தன் கடையிலிருந்து தானே தூக்கிவந்த முக்காலியில், ஷட்டர் ஓரமாக. என் மனைவி தங்கபுஷ்பம் மாடிப்படியின் கீழ்ப்படியில். நான், புடவை வாங்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில். இத்தனை வருஷ வேலையில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

1974, புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை. தியாகராய நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் எங்கள் ஜவுளிக்கடை. ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தார்கள். பேச இருந்தது என்னைப் பற்றி.

அண்ணாச்சி எனக்குப் பெரியப்பா மகன். கடையின் கடிதப் போக்குவரத்து முழுக்க என் பொறுப்பு. சாத்தான்குளத்துப் பள்ளியில் எட்டாவது வரை படித்தேன். தேதி எங்கே, விளிப்பு எங்கே, எந்த விஷயத்துக்குப் பின் எது என்று அங்கே பழக்கினார்கள். அதுதான் எனக்குச் சோறு போட்டது. ஆரணி, சேலம், சின்னாளப்பட்டி என்று சரக்கு வரும் ஊர்களுக்கு ஆர்டர் எழுதுவேன். ஊரில் இருக்கும் பெரிய அண்ணாச்சிக்கு, அதாவது வெள்ளைத்துரை அண்ணாச்சியின் அண்ணனுக்கு, வாராவாரம் கடை நிலவரம் எழுதுவேன். கடைக்கு முதல் போட்டவர் அவர்தான். ஊரைவிட்டு வரவே மாட்டார். யாரை வைத்துக்கொள்வது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதெல்லாம் அவருடைய பதில் கார்டில்தான் வரும்.

இப்போது நடந்திருந்தது இது. ஆரணிக்குப் போக வேண்டிய தீபாவளி ஆர்டர் போகவில்லை. தங்கபுஷ்பம் துணி ஊறவைக்கும்போது என் சட்டைப்பையில் அந்தக் கவர் தட்டுப்பட்டது. எடுத்து, பிரித்து, ஜன்னல் கட்டையில் காயப்போட்டுவிட்டு, "இதை நீங்களா அண்ணாச்சிட்ட சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். நானே சொன்னேன்.

"ஏல சுயம்பு," என்றார் அண்ணாச்சி. "எழுதின லெட்டரைப் பெட்டியில போடுததுக்கு என்னல கேடு உனக்கு?"

"போடத்தான் போனேன் அண்ணாச்சி. போட முடியல."

"யாரும் கையைப் புடிச்சு இழுத்தாவளா?"

"இல்ல. உள்ள என்ன எழுதியிருக்கோம்னு சந்தேகம் வந்துட்டு."

"எழுதினவன் நீதானல!"

பொன்ராஜ் சிரித்தான். மதினி அவனைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

என்ன சந்தேகம் என்பதைப் புரிந்துகொள்ள, கடைச்சொல் என்றால் என்னவென்று தெரிய வேண்டும். ஜவுளிக்கடையில் புடவையோடு தொங்கும் சீட்டில் விற்பனை விலைக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு மூன்று எழுத்து இருக்கும். அதுதான் அடக்கவிலை. ஒரு எழுத்து இரண்டு முறை வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றை வைத்துக்கொண்டு, முதல் எழுத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, கடைசி எழுத்துக்குச் சைபர் என்று கணக்கு. கடைக்குக் கடை சொல் வேறு. அது வெளியே போனால், எங்கள் புடவை ஒவ்வொன்றின் அடக்கமும் தெருவுக்குத் தெரிந்துவிடும். எங்கள் சொல்லை அறிந்தவர்கள் மூன்று பேர்: இரண்டு அண்ணாச்சிமாரும், சீட்டு எழுதுகிற நானும்.

ஆடித் தள்ளுபடியின்போது அடையாறிலிருந்து வந்த ஓர் அம்மாள் சீட்டைப் புரட்டி, "இதென்ன எழுத்து, ஏதாவது மந்திரமா?" என்று வேடிக்கையாகக் கேட்டார். சாதாரணமாக, "அது சரக்கு நம்பர்மா" என்போம். அன்றைக்கு என்னவோ அந்தச் சொல் அடித்தொண்டையிலிருந்து எழும்பி நாக்கு வரைக்கும் வந்து நின்றது. சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டிருந்தால்? முதுகு முழுக்க வேர்த்தது. விரல்கள் மரத்தன. நெஞ்சுக்குள் யாரோ பொதியைத் தூக்கி வைத்து இறுக்கிக் கட்டுகிற மாதிரி. இந்த ஸ்டூல்களுக்கு நடுவிலேயே செத்துப்போகப்போகிறேன் என்று நிச்சயமாக நினைத்தேன்.

சாகவில்லை. மறுநாளும் வந்தது. அதற்கப்புறம் மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தில், கூட்டத்துக்கு நடுவில், உரக்கக் கத்திவிடுவேனோ என்று வாயைப் பொத்திக்கொண்டு நடந்தேன். பிறகு அது கடிதங்களுக்கு வந்தது. ஆரணிக்காரருக்கு எழுதும்போது, "நலம், நலமறிய ஆவல்" என்பதற்கும் "நிற்க" என்பதற்கும் நடுவில் அந்தச் சொல்லை எழுதிவிட்டேனோ என்று தோன்றும். கவரை ஒட்டியபின் தோன்றும். கிழித்துப் பார்ப்பேன். இருக்காது. வேறு கவர் போட்டு ஒட்டுவேன். மறுபடி தோன்றும்.

மாம்பலத்து டாக்டர் நெஞ்சுக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். "இதயம் குதிரை மாதிரி இருக்குப்பா" என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். குதிரை என்றால் ஓடத்தான் செய்யும் என்று அதற்கும் ஒரு பயம் வந்து சேர்ந்தது.

"திருச்செந்தூருக்கு நேந்துக்கிடுவோம்," என்றாள் மதினி. "யாரோ கண்ணு வச்சிருக்காவ."

"நேந்துக்கிடுங்க மதினி, வேண்டாங்கல," என்றாள் தங்கபுஷ்பம். "ஆனா அவிய மூச்சுவிட முடியாம உக்காந்திருக்கும்போது முதுகைத் தடவிக் குடுக்கது நான்லா. வேற வழியும் பாக்கணும்."

அப்போதுதான் குலாம் முகம்மது பாய் பேசினார். அவருக்கும் இந்த மாதிரி வந்ததாம். எலக்ட்ரிக் ரயிலில் ஏறினாலே உயிர் போகிற மாதிரி இருக்குமாம். சைதாப்பேட்டையிலிருந்து தினமும் நடந்தே கடைக்கு வந்திருக்கிறார். "மயிலாப்பூர் லஸ்ல கல்யாணராமன்னு ஒரு டாக்டர். மனசு டாக்டர். கண்ணை மூடிக்கச் சொல்லி பேசுவாரு. பேச்சுலயே உடம்பு அடங்குது. ஹிப்னாடிசம்னு பேரு. இப்ப ரயில்லதானே வர்றேன்!"

அண்ணாச்சி நாற்காலியில் நிமிர்ந்தார். "மெஸ்மரிசமா? பாய், அது நான் பொருட்காட்சியில பாத்திருக்கேன். ஒருத்தனை மேடையில ஏத்தி, வெங்காயத்தைக் குடுத்து ஆப்பிள்னாம்; அவன் கடிச்சுக் கடிச்சுத் தின்னாம். பொஞ்சாதிக்குத் தெரியாம எவ்வளவு வச்சிருக்கன்னு கேட்டாம், அதையும் சொன்னாம்! இவன் உள்ள இருக்கது என்னதுன்னு உமக்குத் தெரியாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் நெஞ்சு அடைக்கத் தொடங்கியது. எதற்குப் பயந்து பயந்து இந்த நிலைக்கு வந்தேனோ, அதையே வைத்தியம் என்கிறார்கள். கண்ணை மூடு, வாயைத் திற.

"டாக்டருக்குப் புடவை அடக்கம் எதுக்கு அண்ணாச்சி?" என்றார் பாய்.

"அவரு பொஞ்சாதிக்குத் தேவைப்படும்லா," என்றாள் மதினி.

கடைசியில் முடிவு இப்படி ஆயிற்று. நான் வைத்தியத்துக்குப் போகலாம். பொன்ராஜ் காவலுக்குக் கூட வருவான். நான் சொல்லைச் சொல்லத் தொடங்கினால் வாயைப் பொத்துவான்.

"சரி மச்சான்," என்றான் பொன்ராஜ். "ஆனா அந்தச் சொல் என்னதுன்னு எனக்குத் தெரியாதே. எதைச் சொன்னாப் பொத்தணும்?"

அண்ணாச்சி யோசித்தார். பொன்ராஜுக்குச் சொல்லிக்கொடுத்தால் நான்காவது ஆளுக்குத் தெரிந்துவிடும். "எதைச் சொன்னாலும் பொத்து," என்றார்.

பிறகு என்னிடம், "தீபாவளிக்குள்ள சரியாயிரணும்ல. இல்லன்னா அண்ணனுக்கு எழுதி, ஊருல கருப்பட்டிக் கிட்டங்கிக்குத்தான் உன்னை அனுப்பணும். வேற வழியில்ல" என்றார். என்னைக் கருப்பட்டிக் கிடங்குக்கு அனுப்பும் அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுத வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

பனகல் பார்க்கில் பஸ் ஏறி லஸ் முனையில் இறங்கினோம். டாக்டர் வீடு மாடியில். கல்யாணராமன் ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டை, மூக்கில் இறங்கிய கண்ணாடி. நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். சொல் எது என்று மட்டும் கேட்கவில்லை.

"உங்க கடைக்குப் பக்கத்துல ரங்கநாதன் தெரு இருக்கோல்லியோ," என்றார். "அந்தக் கூட்டத்துல ஒருத்தன் 'தீ'ன்னு கத்தறான்னு வெச்சுக்கோங்கோ. எல்லாரும் ஓடுவா. மூச்சு வாங்கும், வேர்க்கும், நெஞ்சு அடிச்சுக்கும். தீ இருந்தாலும் அப்படித்தான், இல்லாட்டாலும் அப்படித்தான். உடம்புக்கு வித்யாசம் தெரியாது. உங்களுக்குள்ள ஒருத்தன் அடிக்கடி கத்தறான். அவ்வளவுதான். நீங்க சாகப்போறதில்லை."

"அவன் வாயை அடைக்க முடியுமா டாக்டர்?"

"முடியாது. அடைக்கப்போனா இன்னும் உரக்கக் கத்துவான். அவன் கத்தினாலும் ஓடாம நிக்கறதுக்கு உடம்பைப் பழக்கலாம். ஹிப்னாடிசம் அதுக்கு ஒரு ஒத்தாசை. எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிக்கும்னு சொல்லமாட்டேன்."

பிரம்பு நாற்காலியில் என்னைச் சாய்த்து உட்காரவைத்தார். பொன்ராஜ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் வாய்க்கு நேராக, முழம் தூரத்தில் உட்கார்ந்தான். அவன் வெற்றிலை வாசனை என் மூக்கில் ஏறியது. கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். மூடியதும் அந்தச் சொல் எழுந்து நின்றது. பத்து எழுத்தும், ஒவ்வொன்றாக, சீட்டில் எழுதுகிற மாதிரி.

"கை கனமா இருக்கறது... மூச்சு மெதுவா வரது..." டாக்டர் குரல் தணிந்து போய்க்கொண்டே இருந்தது. "இப்ப எப்படி இருக்குன்னு மெதுவா சொல்லுங்கோ."

"கொஞ்சம்..." என்றேன்.

பொன்ராஜ் பாய்ந்தான். முழு உள்ளங்கையாலும் என் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினான். நாற்காலி பின்னால் சாய்ந்தது. எனக்கு மூச்சு நின்றது, நெஞ்சு இறுகியது, கையும் காலும் மரத்தன, கண் இருண்டது. இதுவரை வந்ததிலேயே பெரியது அன்றைக்கு வைத்தியரின் அறையில் வைத்தே வந்தது.

"ஓய்! என்ன பண்றேள்!" டாக்டர் அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"பேசுதாவளே சார்!"

"நான்தானே பேசச் சொன்னேன்!"

"எதைப் பேசினாலும் பொத்தணும்னு மச்சான் சொல்லியிருக்காவ."

எனக்கு மூச்சு திரும்ப நெடுநேரம் ஆயிற்று. டாக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து, இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சை நீட்டச் சொன்னார். அதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. அது அடங்கியபின் பொன்ராஜிடம் நிதானமாகப் பேசினார்.

"மேடையில பண்றது வித்தை. அங்க ஏறறவனுக்கே கைதட்டல் வாங்கணும்னு ஆசை. இங்க அப்படி இல்லை. இவர் தூங்கப்போறதும் இல்லை, மயங்கப்போறதும் இல்லை. சொல்லக்கூடாதுன்னு நினைக்கறதை நான் புடுங்கவும் முடியாது. நீங்க வரணும்னா வாங்கோ. ஆனா அதோ, அந்த ஈஸிசேர்ல தள்ளி உக்காரணும்."

வீட்டுக்கு வந்ததும் தங்கபுஷ்பம் என் கன்னத்தில் இருந்த விரல்தடத்தைப் பார்த்தாள். "யாரு அடிச்சா?" என்றாள். நடந்ததைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். "சரி, மறுபடி போங்க. போகலன்னா கிட்டங்கிதான். அங்க எழுதுத வேலை கிடையாது, எறும்பு வெரட்டுத வேலைதான்."

அடுத்த முறை டாக்டர் கேட்டார்: "உங்க உடம்பு எந்த வேலை செய்யறச்சே சொன்னபடி கேக்கறது? கோவில், கடற்கரைன்னு எல்லாரும் சொல்ற இடம் வேண்டாம்."

யோசித்தேன். "கடை சாத்தினப்புறம், பிரிச்சுப் போட்ட புடவையெல்லாம் மடிக்கிறப்போ," என்றேன்.

"அப்ப மடிக்கலாம்," என்றார்.

கண்ணை மூடினேன். ஒரு புடவையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நிறத்தை நானே நினைத்துக்கொண்டேன்: பாசிப்பச்சை, மாம்பழ பார்டர். கரையோடு கரையைச் சேர்க்கச் சொன்னார். சேர்க்கும்போது மூச்சு உள்ளே. விரலால் நீவிவிடும்போது மூச்சு வெளியே. மறுபடி பாதியாக. ஒவ்வொரு மடிப்புக்கும் தோள் கொஞ்சம் இறங்குகிறது என்றார், இறங்கியது. அந்தச் சொல் வந்தது. "எது வந்தாலும் வரட்டும், நீங்க மடிச்சிண்டே இருங்கோ," என்றார், எனக்குள்ளே பார்த்தவர் மாதிரி. சொல் பக்கத்தில் நின்றது, அடுத்த புடவைக்குக் காத்திருக்கிற பையனைப்போல. நான் மடித்தேன். கச்சேரி ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்டது. கீழ்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். அப்புறம் ஒரு இடத்தில் ஒன்றும் இல்லை.

"மெதுவா கண்ணைத் திறங்கோ."

திறந்தேன். ஆடி மாதத்துக்குப் பின் முதல்முறையாக என் நெஞ்சில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அழவேண்டும்போல் இருந்தது.

குறட்டைச் சத்தம் கேட்டது. ஈஸிசேரில் பொன்ராஜ் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். டாக்டர் அவன் தோளைத் தட்டினார். "எனக்கு வாச்ச பேஷண்டுலயே இவர்தான் பிரமாதம்," என்றார்.

லஸ் முனைக்கு நடக்கும்போதே அது வந்தது. நடுவில் ஒரு இடத்தில் ஒன்றும் இல்லை என்றேனே, அந்த இடம். அங்கே நான் என்ன செய்தேன்? பேசினேனா?

"பொன்ராஜு, நான் ஏதாவது சொன்னேனா?"

"ஒண்ணும் சொல்லல அத்தான்."

"நீ தூங்கினயே."

"தூங்கலை. கண்ணை மூடிக் கூர்ந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"என்ன கேட்ட?"

கொஞ்சம் யோசித்தான். "ஃபேன் சத்தம்."

நெஞ்சு இறுகத் தொடங்கியது. பிளாட்பாரத்தில் நின்றுவிட்டேன். சைக்கிள் ரிக்‌ஷாவில் சாய்ந்திருந்த ஓர் ஆள் என்னையே பார்த்தான். "இன்னா நைனா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? குந்து, வுட்டுட்டு வர்றேன். ஆஸ்பத்திரியா, வூடா?"

"வீடுதான்," என்றான் பொன்ராஜ். "ஆஸ்பத்திரியிலேர்ந்துதான் வாரோம்."

"அங்கேர்ந்து வர்றச்சே இப்டி கீதுன்னா, போறச்சே எப்டி இருந்துருப்பாரு!"

ரிக்‌ஷாவில் உட்கார்ந்து, மடியில் இல்லாத புடவையை மடித்துக்கொண்டே வந்தேன். தேனாம்பேட்டை தாண்டும்போது கொஞ்சம் அடங்கியது. முழுக்க அல்ல.

கடையில் பொன்ராஜ் அண்ணாச்சியிடம், "ஒரு வார்த்தை பேசல மச்சான், நான் கண்கொட்டாமப் பாத்துக்கிட்டுல்லா இருந்தேன்" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணாச்சிக்குத் திருப்தி. "நல்லதாப் போச்சு. ஊருக்குப் போனவன் எவனோ சொல்லி, அண்ணன் கார்டு போட்டிருக்காரு, மெஸ்மரிசத்துக்கு யாரு அனுமதி குடுத்தான்னு. பொன்ராஜ் கூடவே முழிச்சிருந்தான், சொல் பத்திரமா இருக்குன்னு விவரமா எழுதிரு சுயம்பு. எழுதினியன்னா உன் வேலைக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். தேதி போட்டேன். விளிப்பு போட்டேன். "சொல் பத்திரமாக இருக்கிறது" என்று எழுதியதும் பேனா நின்றது. இருக்கிறதா? யாருக்குத் தெரியும்? தாளைக் கிழித்தேன். வேறு தாள். அதே இடத்தில் கிழித்தேன். வேடிக்கை என்னவென்றால், மற்ற கடிதங்கள் போகத் தொடங்கியிருந்தன. சேலத்துக்கு எழுதியதை வேர்வையோடு, ஆனால் ஒரே தடவை ஒட்டி, போட்டுவிட்டு வந்தேன். ஆரணிக்குப் புதிதாக எழுதினேன், போட்டேன். பாலத்தில் நெஞ்சு அடைத்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் இரண்டு புடவை மடிப்பேன், கூட்டம் இடித்துக்கொண்டு போகும், நடப்பேன். பெரிய அண்ணாச்சிக்கு எழுதுவது மட்டும் நகரவில்லை. வெள்ளைத்துரை அண்ணாச்சி தினமும் கேட்டார். "எழுதிட்டியால?" "எழுதிக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி."

மூன்றாம் முறை போனபோது பொன்ராஜை வெராண்டாவிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். உட்காரக்கூட இல்லை.

"டாக்டர், போன தடவை நடுவுல கொஞ்ச நேரம் ஞாபகம் இல்ல. நான் ஏதாவது சொன்னேனா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப நான் இல்லைன்னு சொன்னா என்ன ஆகும்?"

"நிம்மதியாயிரும்."

"எவ்வளவு நாழிக்கு?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

"லஸ் முனை வரைக்கும்," என்றார். "அங்க போனதும், டாக்டர் சரியா கவனிச்சாரா, நம்ம மனசு நோகக்கூடாதுன்னு சொன்னாரான்னு தோணும். திரும்பி வந்து கேப்பேள். கவரை ஒட்டறது, கிழிக்கறது, ஒட்டறது. அதையேதான் என்னை வெச்சிண்டு பண்ணப்போறேள். அதனால சொல்லப்போறதில்லை."

"இது அநியாயம் டாக்டர். என் வேலையே போயிரும்."

"தெரியறது. உங்க அண்ணாச்சி கேட்டு எழுதினா, டாக்டர்ங்கற முறையில அவருக்குப் பதில் எழுதறேன். உங்களுக்குச் சொல்லமாட்டேன். நீங்க தெரியாமலே கொஞ்ச நாள் இருந்து பாருங்கோ. அதுதான் இனிமே வைத்தியம். மத்ததெல்லாம் அதைத் தாங்கறதுக்குத்தான்."

கோபத்தோடு நாற்காலியில் சாய்ந்தேன். கோபத்தோடேயே மடித்தேன். அன்றைக்கு எதுவும் சுகமாக இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அது அடித்துக்கொண்டிருக்கும்போதே புடவை மடிந்தது என்பதைக் கவனித்தேன்.

மறுநாள் மத்தியானம், கடையில் சாப்பாட்டு நேரத்தில், மேஜையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தேதி, விளிப்பு, நலம். பிறகு எழுதினேன்:

"தாங்கள் கேட்டிருந்த விஷயம். வைத்தியத்தின்போது பொன்ராஜ் அறையில் இருந்தார். சற்று நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டார். நடுவில் சிறிது நேரம் எனக்கு நினைவில் இல்லை. அப்போது நான் பேசினேனா என்பது எனக்குத் தெரியாது. பேசியிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். உறுதி சொல்ல முடியாது. டாக்டரிடம் கேட்டுக்கொள்ள விரும்பினால் விலாசம் கீழே. சொல்லை மாற்றுவதா, என்னை மாற்றுவதா என்பது தங்கள் சித்தம். வைத்தியத்தைத் தொடர உத்தரவு வேண்டுகிறேன்."

இத்தனை வருஷக் கடிதங்களில் 'தெரியாது' என்ற வார்த்தையை நான் எழுதியதாக நினைவில்லை. தெரியாவிட்டால் விசாரித்து எழுதுவேன்.

முதலில் பொன்ராஜைக் கூப்பிட்டு அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். அவன் முகம் சுண்டியது.

"அத்தான், என் பேரையுமா போடணும்?"

"கண்ணயர்ந்தார்னு மரியாதையாத்தான போட்டிருக்கேன்."

"பெரிய மச்சான் என்னைத் தோலை உரிச்சிருவாவ."

"முதல்ல என்னை உரிப்பாவ. உன் முறை வரும்போது களைச்சிருப்பாவ."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "உண்மையில அத்தான், அந்தக் குரல்ல என்னமோ இருக்கு. அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கினதே இல்ல," என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்து அண்ணாச்சி. கை கழுவிக்கொண்டு வந்தவர் நின்றபடியே வாசித்தார். வாசிக்க வாசிக்கக் கழுத்து சிவந்தது.

"ஏல, தெரியாதுன்னு சொல்லுததுக்கு ஒரு லெட்டரா? நான் என்ன எழுதச் சொன்னேன், நீ என்ன எழுதியிருக்க?"

"நீங்க சொன்னதை எழுதிப் பாத்தேன் அண்ணாச்சி. தெரியாததைத் தெரியும்னு எழுதினா அந்தக் கவரை என்னால ஒட்ட முடியல. ஒட்டினாலும் பெட்டியில போட முடியாது."

"சொல்லை மாத்துன்னு அண்ணன் பதில் போட்டா? தீபாவளிக் கூட்டத்துல அத்தனை சீட்டையும் கழட்டி மறுபடி எழுதணும்ல!"

"எழுதுதேன்."

"உன்னை அனுப்பச் சொன்னா?"

நெஞ்சு எழும்பியது. சொல்லும் கூடவே எழும்பியது, பத்து எழுத்தோடும். கிட்டங்கியின் ஈரமண் வாசனை, எறும்பு வரிசை, தங்கபுஷ்பத்தின் முகம் எல்லாம் ஒன்றாக வந்தன. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மூச்சை நீளமாக விட்டேன்.

"போறேன் அண்ணாச்சி," என்றேன்.

அவர் கடிதத்தை மேஜைமேல் போட்டார். "என்னமும் செய்," என்று சொல்லிக் கல்லாப் பக்கம் போனார். போனவர் பாதியில் திரும்பி, "கையெழுத்துக்கு மேல என் பேரையும் ஒரு வரி போட்டுக்கோ. எனக்குத் தெரிஞ்சுதான் எழுதுதான்னு" என்றார். குரலில் கோபம் போகவில்லை.

ஒரு வரி சேர்த்தேன். தாளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தேன். நீவினேன். மறுபடி மடித்தேன். கவரில் வைத்துப் பசை தடவி ஒட்டினேன். ஒட்டிய கணமே சந்தேகம் வந்தது: உள்ளே சொல்லை எழுதிவிட்டேனோ? நகம் கவரின் விளிம்புக்குப் போனது. பசை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. பிரித்தால் கிழியாமல் வரும். நகத்தை எடுத்தேன். எழுதியிருக்கலாம். எழுதாமலும் இருந்திருக்கலாம். தபால்தலையை ஒட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சந்து முனையில் கூட்டம். புதுத்துணிப் பைகள், பலூன்காரன், வழி கேட்டு ஹாரன் அடிக்கும் டாக்ஸி. தபால்பெட்டியின் வாயில் கவரைப் பாதி செருகி நின்றேன். நெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது, கால் நின்றுகொண்டிருந்தது. பின்னால் ஒரு பூக்காரப் பெண், கையில் இன்லண்டு லெட்டர், இடுப்பில் கூடை. "இன்னா சார், போடப்போறியா, பாத்துக்கினே நிக்கப்போறியா? யாவாரம் கீது எனுக்கு."

விரலை விட்டேன். உள்ளே விழுந்த சத்தம் அந்த இரைச்சலில் கேட்கவில்லை. பெட்டியின் வாயில் கையை நுழைத்துத் தடவிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

"போட்டாச்சும்மா," என்று சொல்லி அவளுக்கு வழிவிட்டேன்.